அக்காவுக்கு இடம் கொடுத்த சீட்டு மேசை

அந்த மத்தியானம் அக்கா கொழும்பில் ஒரு கசினோவில், பச்சைத் துணி விரித்த மேசைக்கு முன்னால், கால் நிலத்தில் படாத உயரக் கதிரையில் இருந்தாள். கத்தரிப்பூ நிறத்தில் நூல் சேலை. மடியில் கைப்பை. கைப்பைக்குள் கச்சான் பொட்டலம்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. யாரோ பூசிய வாசனைத் தண்ணீரும் சிகரெட் புகையும் பொரித்த இறாலின் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தன. சுவரில் மணிக்கூடு கிடையாது, யன்னலும் கிடையாது. வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதே மறந்துபோகும்.

அக்கா ஒரு கச்சானை உடைத்து வாயில் போட்டாள். சீட்டுப் போடும் சிங்களப் பிள்ளை, வெளிச்சாப்பாடு கூடாது என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள். அக்கா பயந்தவள் போலப் பொட்டலத்தை மூடினாள். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், சாப்பிட்டாயா பிள்ளை என்று கேட்டாள். அந்தப் பிள்ளை உருகிப்போனாள்.

நான் இரண்டு மேசை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட வேளையிலும் மேசையில் விழுந்த ஒரு சீட்டைக்கூட அக்கா தவறவிட்டிருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

போன கிழமை நான் வாடகைக்கு ஓட்டுகிற வானைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வானில் எப்போதும் முன் சீட்டில் வரும் மலரக்கா யார் என்று சிலர் கேட்டிருந்தார்கள். என்னுடைய சொந்த அக்கா. மன்னார்ப் பக்கம் அடம்பனில் வயல் செய்கிறாள். அத்தான் காலமாகிக் கனகாலம், ஒரே மகள் கனடாவில். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் என்னை ஒரு அப்பாவி என்று மட்டும் எழுதிவிடாதே என்றாள்.

பொலியடியில் வாய் அசையாது

அக்கா விளையாடிய பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணுவது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டப் போகிறவர் வெல்வார். சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால் சீட்டு எடுக்கும் பெட்டிக்குள் மிஞ்சியிருப்பது ராசா, ராணி, ஆசு போன்ற பெரிய சீட்டுகள். அது விளையாடுகிறவருக்கு நல்ல நேரம். எனவே சின்னச் சீட்டு போனால் மனத்துக்குள் ஒன்று கூட்டவேண்டும், பெரிய சீட்டு போனால் ஒன்று கழிக்கவேண்டும். இடைப்பட்டவற்றை விட்டுவிடலாம். கணக்கு இவ்வளவுதான்.

இது களவு இல்லை. சட்டம் யாரையும் பிடித்து உள்ளே போடாது. ஆனால் எண்ணுகிறவரைக் கசினோக்காரருக்குப் பிடிக்காது. கண்டுபிடித்தால் கும்பிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்த வாசலை மிதிக்க முடியாது.

கஷ்டம் எண்ணுவதில் இல்லை, எண்ணாதவர் மாதிரி இருப்பதில்தான். பலருக்கு உதடு அசையும். சிலர் கண்ணைச் சிமிட்டாமல் சீட்டையே பார்ப்பார்கள். யாராவது கதை கொடுத்தால் எரிந்து விழுவார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட சுப்பர்வைசர்மார் தேடுவது இவர்களைத்தான்.

அக்காவுக்கு இந்த வித்தை சின்ன வயதிலேயே கைவந்தது. எங்கள் பக்கத்தில் சூடடித்து, நெல்லைத் தூற்றிக் குவித்த குவியலைப் பொலி என்போம். பொலி அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்று தொடங்குவார்கள். அதற்குமேல் வாய்விட்டு எண்ணினால் நாவூறு பட்டுவிடும் என்று அப்பாவுக்குப் பயம்.

அப்பா அளந்து கொட்டுவார். எண்ணும் பொறுப்பு அக்காவுக்கு. களத்துக்கு வருகிற போகிற சனமெல்லாம் இந்த முறை எத்தனை மூடை என்று வாயைக் கிளறுவார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஆரின் மாடு கன்று போட்டது, ஆரின் மகளுக்குக் கலியாணம் என்று எல்லாம் கதைப்பாள். எல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு அப்பாவின் காதுக்குள் தொகையைச் சொல்லுவாள். அப்பா திருப்பி எண்ணிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

நானும் ஒருமுறை அந்த வேலைக்கு நின்றேன். பாதியில் யாரோ என்னுடைய சைக்கிளைப் பற்றிக் கேட்டார்கள். அதோடு என்னை மாடு பார்க்க அனுப்பிவிட்டார்கள்.

ஆம்பிளையளின் விளையாட்டு

எங்கள் ஊர்களில் சீட்டென்றால் முந்நூற்றி நாலுதான். செத்த வீடு, கலியாண வீடு, கோயில் மடம் என்று எங்கே நாலு ஆண்கள் கூடினாலும் பாயை விரித்துவிடுவார்கள். இரண்டு சோடி. மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பை ஒருவர் கவிழ்த்து வைத்திருப்பார், மற்றவர்கள் அது என்னவென்று மண்டையைப் போட்டு உடைப்பார்கள். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்த காலத்திலும் இந்த விளையாட்டு நிற்கவில்லை.

பெண்கள் இருப்பதில்லை. இருக்கக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் இருப்பதில்லை.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து ஆண்களுக்குப் பின்னால் நிற்பாள். ஆட்டம் பாதி போவதற்குள் கவிழ்த்த துரும்பு என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிடும். யார் என்ன போட்டார், யார் கேட்கத் தயங்கினார் என்பதை வைத்தே கண்டுபிடிப்பாள்.

சித்தப்பா செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, எங்களுடைய பெரிய மாமா தோற்கிற ஆட்டத்தில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கிளாவர் ஒன்பது எதிர்ச் சோடியில் இடது பக்கத்து ஆளிடம்தான் இருக்கிறது என்று அக்கா மெதுவாகச் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்கு மகளே பிறந்துவிட்டாள், சின்னப் பிள்ளையில்லை. மாமா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஆம்பிளையள் இருக்கிற இடத்திலை உனக்கென்ன வேலை பிள்ளை? உள்ளுக்குப் போ."

கிளாவர் ஒன்பது இடது பக்கத்து ஆளிடம்தான் இருந்தது. அதை யாரும் பேசவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு சீட்டு நடக்கும் இடத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோகச் சொன்னால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவாள். கோபம் அவளுக்கு அப்படித்தான் வரும், சத்தம் போடமாட்டாள்.

சாப்பிடப் போன இடம்

கசினோவை முதலில் கண்டுபிடித்தவன் நான். விமான நிலையத்துக்கும் விசா நேர்முகத்துக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வான்காரனுக்குக் கொழும்பில் காத்திருப்பதுதான் பாதித் தொழில். உள்ளே போனால் சாப்பாடும் குடிவகையும் இலவசம் என்று இன்னொரு சாரதி சொன்னான். நல்ல சேட்டு ஒன்றை மாற்றிக்கொண்டு போனேன். இறாலும் புரியாணியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மரியாதைக்குக் கொஞ்சம் விளையாடித் தோற்றுவிட்டு வந்தேன்.

வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அங்கே பெண்களும் மேசையில் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லையா என்று கேட்டாள். கதிரையை இழுத்து விடுகிறார்கள் என்றேன்.

அவள் அப்போதே மகள் வாங்கி அனுப்பிய போனில் பிளாக்ஜாக் விளையாடிக்கொண்டிருந்தாள். எண்ணும் முறையையும் அந்தப் போனிலேயே யாரோ விளக்கும் வீடியோவில் பார்த்திருந்தாள். அடுத்த கிழமையே ஒரு கட்டுச் சீட்டு வாங்கித் தரச் சொன்னாள்.

பயிற்சி என்னுடைய வானில் நடந்தது. நான் அடம்பனிலிருந்து மன்னார் டவுனுக்கு ஓட்டுவேன். அக்கா முன் சீட்டில் இருந்து மடியில் சீட்டைப் புரட்டுவாள். என்னுடைய வேலை அவளைக் குழப்புவது. அதை மனம் வைத்துச் செய்தேன். நெல் விலையைக் கேட்பேன். அவளுடைய கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போன கதையைக் கிளறுவேன். கணவாய்க் கறிக்கு உன்னைவிட என் மனைவி கெட்டிக்காரி என்பேன். அக்கா எல்லாவற்றுக்கும் வட்டியோடு பதில் தருவாள். கட்டு முடியக் கணக்கையும் சொல்லுவாள். சரியாக இருக்கும்.

ஒருநாள் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியில் போகும்போது சோளகக் காற்று அடித்து ஒரு சீட்டைப் பறித்துக் கடலுக்குள் போட்டுவிட்டது. எந்தச் சீட்டு என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அக்கா மிச்சக் கட்டைப் புரட்டி முடித்துவிட்டு, போனது கிளாவர் ஏழு, அது கணக்குக்குத் தேவையில்லாத சீட்டு, நீ ஓட்டு என்றாள். நான் வானை ஓரத்தில் நிறுத்திவிட்டேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த மூளையை இவ்வளவு காலமும் தேத்தண்ணி ஊற்ற வைத்திருந்தோமே என்று இருந்தது.

ஆரோ ஒரு மனிசி

திட்டம் முழுக்க அவளுடையது. சீட்டைக் கலக்கிக்கொண்டே இருக்கும் மெசின் வைத்த மேசைப் பக்கம் போவதில்லை. கையால் கலக்கும் மேசையில் அவள் இருப்பாள். ஆகக் குறைந்த தொகையை வைத்து விளையாடுவாள். சின்னத் தொகை வைக்கிறவர் திடீரென்று பெரிதாக வைத்தால் சுப்பர்வைசரின் கண் விழும், எனவே அவள் கடைசிவரை கூட்டமாட்டாள். நல்ல நேரம் வரும்போது கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பாள். அப்போது கனடாவிலிருந்து வந்து காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிற ஒருவர் தற்செயலாக வந்து அந்த மேசையில் இருந்து பெரிதாக வைப்பார். அந்தக் கனடாக்காரர் நான். கழுத்தில் போட்ட தங்கச் சங்கிலி என் மனைவியுடையது.

மேசையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்கள்.

அக்கா நடிக்கவில்லை என்பதுதான் அதிலுள்ள அழகு. அவள் தன்னையே கொண்டுபோய் அங்கே இருத்தினாள். பக்கத்தில் இருந்து தோற்ற சீனாக்காரருக்காக உச்சுக் கொட்டினாள். சீட்டைக் காட்டி, இது எத்தனை, பிள்ளை, என்று கேட்டாள். இடைக்கிடை வேண்டுமென்றே முட்டாள்தனமாக ஒரு சீட்டைக் கேட்டுத் தோற்றுவிட்டு, நெற்றியில் கையை வைத்தாள். அங்குள்ளவர்களுக்கு அவள் ஆன்ரி. கேட்காமலே அவளுக்கு மட்டும் பால் தேத்தண்ணி வந்தது. நான் எத்தனையோ கெட்டிக்காரரை வானில் ஏற்றியிருக்கிறேன், இப்படி ஒருவரைக் கண்டதில்லை.

வென்ற காசு வானுக்குப் புது டயராகவும் அவளுடைய வயலுக்குப் பசளையாகவும் போனது. ஆனால் அவள் அதற்காகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். கொழும்புச் சவாரி வந்தால் முதல்நாளே சேலையை அயர்ன் பண்ணி வைத்துவிடுவாள். அகப்பட்டால் காசு போகாது, அந்தக் கதிரைதான் போகும். உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சீட்டு மேசை அது.

அதனால்தான் அவள் ஒவ்வொரு முறையும் இன்னும் கவனமானாள். ஒருமுறை போகும் வழியில் என்னைத் திருத்தினாள். நான் எப்போதும் கையில் சோடாவோடு திரிகிறேனாம். அவ்வளவு காசு வைக்கிற கனடாக்காரர் சோடாவா குடிப்பார், இன்றைக்குப் பியர் கிளாசோடு வா என்றாள். அக்காவின் கண்ணுக்கு முன்னால் நான் ஒருநாளும் குடித்ததில்லை. நான் குடிப்பதில்லை என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"நீ குடிக்கிறனி எண்டு எனக்குத் தெரியும். அங்கை நான் உன்ர அக்கா இல்லை. ஆரோ ஒரு மனிசி."

சரியென்று தலையாட்டினேன்.

கதிரைக்குக் கீழே

அந்த மத்தியானம், கச்சான் பொட்டலத்தை மூடிச் சிறிது நேரத்தில் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் பியர் கிளாசோடு போனேன். நடை, சங்கிலி, சிரிப்பு எல்லாம் கனடாவாகத்தான் இருந்தன. அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்தேன்.

அக்கா என் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான். என்னுடைய கை என்னைக் கேட்காமலே கீழே போய்க் கிளாசைக் கதிரைக் காலடியில் வைத்தது. வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதே நேரம் அக்காவும் காணாதவள் போல முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். தம்பிமார் குடிப்பதை அக்காமார் காணாமல் விடுகிற அந்தத் திருப்பல்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. வென்றோம். அக்கா கண்ணாடியைத் திரும்பப் போட, நான் எழும்பி வேறு மேசைக்குப் போனேன்.

சற்று நேரம் கழித்துக் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் அக்காவிடம் வந்து குனிந்து ஏதோ சொன்னார். மெலிந்த ஆள். எப்போதும் சிங்களமும் ஆங்கிலமும் பேசுவார், நான் அவரைக் கொழும்பு ஆள் என்றே நினைத்திருந்தேன். அவர் அக்காவுக்குக் கதிரையைப் பிடித்து இறங்க உதவினார். பிறகு என்னையும் கையால் கூப்பிட்டார்.

சாப்பாட்டு மேசைப் பக்கத்தில் ஒரு மூலையில் எங்களை இருத்தினார். அக்காவுக்குத் தேத்தண்ணி சொன்னார். பிறகு எங்களுடைய தமிழிலேயே கதைத்தார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இந்த விளையாட்டை இனி நீங்கள் இஞ்சை விளையாடேலாது. வந்து சாப்பிடலாம், மற்றதுகள் விளையாடலாம். இது மட்டும் வேண்டாம்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எந்த ஊர் தம்பி என்று கேட்டாள். இலுப்பைக்கடவை என்றார், எங்கள் மன்னார்ப் பக்கம்தான். ஆருடைய மகன் என்று கேட்டாள். அவர் சொன்னார். தகப்பனுடைய தமக்கையை அடம்பனில்தான் கட்டிக் கொடுத்தது என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாள். வெளியே துரத்தப்படுகிற நேரத்திலும் அந்த ஆராய்ச்சியை அவள் விடவில்லை.

அதன் பிறகுதான் கேட்டாள்.

"நான் எண்ணினது எப்பிடித் தெரிஞ்சது? என்ர வாய் அசைஞ்சதோ?"

அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை அக்கா. கமராவிலை கனதரம் உங்களைப் பாத்திருக்கிறம். ஒண்டும் பிடிபடேல்லை. இண்டைக்கு இவர் கிளாசைக் கதிரைக்குக் கீழை வைச்சார். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பினீங்கள். ஆரெண்டு தெரியாத மனிசிக்கு எங்கட ஆக்கள் கிளாசை ஒளிப்பினமே? அப்பதான் பழைய பதிவுகளை எடுத்துப் பாத்தனான். நீங்கள் கண்ணாடி துடைக்கேக்கை எல்லாம் இவர் வந்து இருக்கிறார்."

அந்த மண்டபத்தில் வேறு எந்தச் சுப்பர்வைசர் கண்டிருந்தாலும் அது ஒருவர் கிளாசைக் கீழே வைத்ததாகத்தான் தெரிந்திருக்கும். கறுப்புக் கோட்டுப் போட்டாலும் அவருக்கும் ஊரில் ஒரு அக்கா இருந்திருப்பாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவருடைய கண்ணை மெச்சத்தான் தோன்றியது.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை ஏசவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அவருடைய பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விசாரித்தாள். அவர் வாசல்வரை வந்தார். கதவைத் திறந்துவிட்டு, சீட்டு விளையாடுகிற எத்தனையோ பேரை இங்கே பார்த்திருக்கிறேன், உங்களைப் போல ஒருவரைக் கண்டதில்லை என்று சொன்னார். சம்பளத்துக்குச் சொல்லவேண்டிய கதையில்லை அது.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது.

வானில் அக்கா யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். நீர்கொழும்பு தாண்டியது, சிலாபம் தாண்டியது. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வேறு கசினோ இருக்கிறது என்றேன். ஒரு கசினோக்காரர் மற்றக் கசினோக்களுக்கும் எங்களுடைய படத்தை அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என்னால்தானே போனது என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்த ஒரே கதிரையை ஒரு கிளாஸ் பியருக்காகப் போக்கிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

புத்தளத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் கலியாண வீட்டுக்குப் போய்வந்த முகமாக இருந்தது. எனக்கு விளங்கவில்லை. என்னக்கா என்று கேட்டேன்.

"சீட்டுக்கு வரவேண்டாம் எண்டு எனக்குச் சொன்ன ஆக்கள் கனபேர், தம்பி. எனக்கு விளையாடத் தெரியும் எண்டதாலை வரவேண்டாம் எண்டு சொன்னது இவன் ஒருத்தன்தான்."